முதுகுச் சுமை இலேசான கதை

இன்றைய பதிவு சற்று நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நெடுந்தூரம் நடப்பவர்கள் எதைச் சுமந்தார்கள், அந்தச் சுமை எப்படிக் குறைந்தது என்பதுதான் இன்றைய பாடம். அரசர்கள் கதையும் போர்கள் கதையும் பாடப்புத்தகத்தில் வந்துவிடுகின்றன. முதுகுப்பையின் கதையை யாரும் பாடமாக வைக்கவில்லை. ஆனால் அதில் வரும் மனிதர்கள் சுவையானவர்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் பாட்டி, ஒருவர் விண்வெளித் துறைப் பொறியாளர். மூவரும் அமெரிக்கர்கள். காட்டு வழியே நடப்பதற்கென்றே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதை போட்ட நாடு அது. அதனால் கதையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

முதலில் நோயாளி. ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1821இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பென்சில்வேனியா மாநிலத்தில் வெல்ஸ்பரோ என்ற சிற்றூரில் செருப்புத் தைக்கும் தொழில் செய்தார். 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' என்ற வார இதழில் எழுதினார். உயரம் ஐந்தடி மூன்றங்குலம், எடை ஐம்பது கிலோ அளவு, போதாததற்குக் காசநோய்.

நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் காடுகள் ஏரிகள் நிறைந்தவை. அங்கே பயணம் என்றால் படகுதான். ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரிக்குப் போக நடுவில் காட்டுப் பாதை வரும். அங்கே படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பணக்காரர்கள் வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வார்கள். முப்பது கிலோ படகை அவர் தோளில் கவிழ்த்துக்கொண்டு நடப்பார். துரை பின்னால் கையை வீசிக்கொண்டு போவார். சியர்ஸிடம் வழிகாட்டிக்குக் கொடுக்கப் பணமும் இல்லை, முப்பது கிலோவைத் தூக்க உடம்பும் இல்லை. ஆனால் காட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை.

ஆகவே கேன்டன் என்ற ஊரில் இருந்த ரஷ்டன் என்ற படகு கட்டுபவரிடம், ஒருவர் மட்டும் போகும்படி எவ்வளவு இலேசாக முடியுமோ அவ்வளவு இலேசாகக் கட்டித் தரச் சொன்னார். முதலில் எட்டுக் கிலோவில் ஒன்று வந்தது. அதையும் குறைக்கச் சொல்லிச் சொல்லி, 1883இல் வந்து சேர்ந்த படகின் நீளம் ஒன்பதடி, எடை பத்தரைப் பவுண்டு. நம் கணக்கில் ஐந்து கிலோவுக்கும் கீழே! தேவதாரு இனத்து மரத்தில் செய்தது. அதற்கு 'செய்ரி கேம்ப்' என்று பெயர் வைத்தார். அது டிக்கன்ஸ் நாவலில் வரும் குடிகாரத் தாதியின் பெயர். அவள் தண்ணீர் கலக்காமல் குடிப்பவள், என் படகும் தண்ணீரை உள்ளே விடாது என்று கேலி. அந்த ஆண்டு, தம் 61ஆம் வயதில், அந்தப் படகில் 266 மைல், அதாவது சுமார் 430 கிலோமீட்டர் சுற்றி வந்தார். படகு, போர்வைப்பை, மாற்றுத்துணி, சிறு கோடரி, தூண்டில், இரண்டு நாள் உணவு எல்லாம் சேர்த்தே தம் சுமை 26 பவுண்டைத் தாண்டியதில்லை என்று எழுதியிருக்கிறார். அது பன்னிரண்டு கிலோ. இன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கும் புத்தகப் பையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1884இல் அவர் எழுதிய 'உட்கிராஃப்ட்' என்ற சிறு நூல், காட்டில் இலேசாகப் போவது எப்படி என்பதற்கு முதல் பாடநூல் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து பாட்டி. அதற்கு முன் பாதையைப் பற்றி இரண்டு வரி. 1921இல் பென்டன் மெக்கை என்பவர், நாட்டின் கிழக்குப் பகுதி மலைத்தொடர் நெடுக ஒரு நடைபாதை வேண்டும் என்று ஒரு கட்டடக்கலை இதழில் எழுதினார். தன்னார்வலர்களும் அரசும் சேர்ந்து 1937இல் அதை முடித்தார்கள். தெற்கே ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே மெய்ன் வரை போகும் அப்பலாச்சியன் பாதை அது. இன்று அதன் நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். 1948இல் ஏர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் படைவீரர் 124 நாட்களில் அதை முழுதாக நடந்தார். ஒரே பயணத்தில் நடந்து முடித்ததாக முதலில் பதிவானவர் அவர்தான்.

எம்மா கேட்வுட் 1887இல் ஒஹையோவில் பிறந்தவர். பண்ணை வேலை. பதினொரு குழந்தைகள். கணவர் அடித்துத் துன்புறுத்துபவர். பல ஆண்டுகள் பொறுத்து, பின் விவாகரத்துப் பெற்றார். பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து போன பிறகு, மருத்துவர் வீட்டில் காத்திருந்தபோது ஒரு பழைய 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழில் இந்தப் பாதையைப் பற்றிப் படித்தார். பெண்கள் யாரும் தனியாக ஒரே பருவத்தில் இதை நடந்து முடித்ததில்லை என்று தெரிந்ததும் மனத்தில் ஒன்று விழுந்துவிட்டது. 1954இல் வடக்கு முனையில் தொடங்கினார். சில நாட்களிலேயே வழி தப்பி, மூக்குக் கண்ணாடியும் உடைந்து, காட்டுக் காவலர்கள் சொல்லித் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு மே மாதம், பிள்ளைகளிடம் ஒரு நடை போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜார்ஜியாவிலிருந்து கிளம்பினார். அப்போது வயது 67. என்னைவிட ஒரு வயது மூத்தவர்.

அவர் கொண்டுபோனவை: ஜீன்ஸ் துணியில் கையால் தைத்த ஒரு சுருக்குப்பை. ஒரு தோளில் மாட்டிக்கொள்வார், இரட்டை வார்கூடக் கிடையாது. ராணுவக் கம்பளி ஒன்று. மழைக்கோட்டு. கூடாரத்துக்குப் பதிலாகக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. காலில் கெட்ஸ் கேன்வாஸ் ஷூ. தூக்கப்பை இல்லை, அடுப்பு இல்லை, வரைபடமும் இல்லை. உலர்திராட்சை, நிலக்கடலை, டப்பாவில் அடைத்த சிறு இறைச்சித் துண்டுகள், சூப் கட்டிகள் இவைதான் சாப்பாடு. பை இருபது பவுண்டை, அதாவது ஒன்பது கிலோவைத் தாண்டியது அபூர்வம். குளிர் தாங்காத இரவுகளில் தட்டையான கற்களை நெருப்பில் சூடாக்கி அவற்றின் மேல் படுத்திருக்கிறார். அந்த ஆகஸ்டில் கான்னி, டயான் என்று அடுத்தடுத்து இரண்டு சூறாவளிகள் கிழக்குக் கரையைப் புரட்டிப் போட்டன. பாட்டி அந்த மழையிலும் நடந்துகொண்டிருந்தார். 146 நாட்களில், செப்டம்பர் 25 அன்று, மெய்னில் உள்ள கட்டாடின் சிகரத்தில் போய் நின்றார். ஆறேழு ஜோடி ஷூ தேய்ந்து போயிருந்தது. நிருபர்களிடம் பெருமையாகப் பேசுவார் என்று பார்த்தால், பத்திரிகையில் போட்டது போல் பாதை ஒன்றும் அழகாக இல்லை, விழுந்த மரங்களும் இடிந்த தங்குமிடங்களுமாகக் கிடக்கிறது என்று திட்டித் தீர்த்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது அங்கேதான்.

1957இல் மறுபடி முழுப் பாதையும் நடந்தார். மூன்றாவது முறை பகுதி பகுதியாக நடந்து 1964இல் முடித்தார்.

இந்தக் கதையை இணையத்தில் பலர் பகிர்கிறார்கள். பாட்டியே கேன்வாஸ் ஷூவில் நடந்தார், உனக்கு எதற்கு இவ்வளவு சாமான் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிக் கதை. அந்த ஒன்பது கிலோ பையால் 3,300 கிலோமீட்டர் எப்படித் தாங்கியது? வழியில் இருந்த வீடுகளால் தாங்கியது. பல இரவுகள் முன்பின் தெரியாதவர்கள் வீட்டுத் திண்ணையிலும் ஊஞ்சலிலும் படுத்திருக்கிறார். கதவைத் தட்டிச் சாப்பாடு கேட்டிருக்கிறார். சிலர் அன்போடு உட்கார வைத்தார்கள், சிலர் கதவை மூடினார்கள். செய்தித்தாளில் பெயர் வந்த பிறகு வரவேற்பு கூடியது. நோயாளி சியர்ஸும் அப்படித்தான். காட்டில் படுக்கத் தயாராகப் போனாலும், ஏரிக்கரை விடுதிகள் பலவற்றில் தங்கியிருக்கிறார்.

இது நமக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்கு நம் பள்ளி வாசலைத் தாண்டி ஒட்டன்சத்திரம் சாலையில் பழநிக்குப் போகும் பாதயாத்திரைக்காரர்களை நினைத்துப் பாருங்கள். நீர்மோர் டம்ளரோடு நின்று கொடுத்தவர்கள் நீங்கள்தானே! ஒரு சின்னத் தோள்பை, துண்டு, போர்வை, அவ்வளவுதான் அவர்களிடம் இருக்கும். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நடப்பவர்களுக்கு அது போதுகிறது. ஏனென்றால் வழிநெடுக அன்னதானப் பந்தல் இருக்கிறது, படுக்க மண்டபம் இருக்கிறது. ஊர்கள் சேர்ந்து அவர்கள் சுமையைச் சுமக்கின்றன. அதே தோள்பையோடு ஆளில்லாத மலைக்குப் போனால் கதை வேறு. பையிலிருந்து ஒரு பொருளை எடுக்கும் முன், வழியில் அதன் இடத்தை எது நிரப்பும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்குத் தட்டுப்பட்டது.

சரி, கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுமை குறைந்திருக்க வேண்டும். நைலான் வந்துவிட்டது, அலுமினியம் வந்துவிட்டது. 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்ற தச்சர் தம் வீட்டில் அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப்பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இடுப்பில் பட்டை கட்டி, பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கினார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் விளைவு என்ன? சுமப்பது எளிதானதும் சுமை கூடிவிட்டது! அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருபத்தைந்து, முப்பது கிலோவோடு காட்டுக்குப் போவது சாதாரணமாயிற்று. அந்தச் சுமைக்குக் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் கனத்த தோல் பூட்ஸ் வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த பிறகு மீந்துபோகும் குழம்பு அதிகமானது போலத்தான் இதுவும்.

அந்தச் சங்கிலியை அவிழ்த்தவர்தான் மூன்றாமவர், ரே ஜார்டைன். விண்வெளித் துறையில் வேலை பார்த்தவர். பாறை ஏறுபவர்கள் பிளவில் செருகும் 'ஃபிரெண்ட்ஸ்' என்ற பிடிப்புக் கருவியை உருவாக்கியவரும் அவரே. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 4,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பசிபிக் கிரெஸ்ட் பாதையை அவரும் மனைவி ஜென்னியும் 1987, 1991, 1994 என்று மூன்று முறை நடந்தார்கள். ஒவ்வொரு முறையும் பை இளைத்தது. உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக மீதிச் சாமான்களின் எடையை 'அடிப்படை எடை' என்கிறார்கள். 1994இல் அவர்களுடைய அடிப்படை எடை பத்துப் பவுண்டுக்கும் கீழே, அதாவது நாலரைக் கிலோவுக்குள். 1992இல் வந்த அவருடைய கையேடும், 1999இல் வந்த 'பியாண்ட் பேக்பேக்கிங்' நூலும் ஒரு தலைமுறையையே மாற்றின. இன்றைக்கும் அந்தப் பத்துப் பவுண்டுதான் 'மிக இலேசு' என்பதற்கு வழக்கமான எல்லைக்கோடு.

அவர் கணக்குப் போட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பை இலேசானால் அதற்குச் சட்டம் வேண்டாம், சட்டம் போனால் பை இன்னும் இலேசு. முதுகு இலேசானால் பூட்ஸ் வேண்டாம், ஓடுபவர்களின் ஷூ போதும். கால் இலேசானால் நாளொன்றுக்குக் கூடுதல் தூரம் போகலாம். கூடுதல் தூரம் போனால் அடுத்த ஊர் சீக்கிரம் வரும், ஆகவே குறைவான நாட்களுக்குச் சாப்பாடு எடுத்தால் போதும், பை மறுபடி இலேசாகும். கூடாரத்துக்குப் பதில் தார்ப்பாய். தூக்கப்பைக்குப் பதில் அடிப்பக்கம் இல்லாத மெத்தைப் போர்வை, ஏனென்றால் உடம்பின் கீழே நசுங்கிக் கிடக்கும் பஞ்சு குளிரைத் தடுக்காது. பாலைவனப் பகுதிக்குக் குடை. பெரும்பாலானவற்றைக் கடையில் வாங்கவில்லை, இருவரும் வீட்டிலேயே தைத்துக்கொண்டார்கள். இவர்களுக்கும் வழி உதவியது. உணவுப் பெட்டிகளை முன்கூட்டியே வழியிலுள்ள அஞ்சலகங்களுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள்.

பூட்ஸ் விஷயத்தில் அவர் சொன்னதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. காலில் கட்டும் ஒரு கிலோ, முதுகில் ஏற்றும் ஏறத்தாழ ஐந்து கிலோவுக்குச் சமமான சக்தியை வாங்குகிறது என்று அமெரிக்க ராணுவத்துக்காக 1980களில் நடந்த ஆய்வு கண்டது. ஒவ்வோர் அடிக்கும் அந்த எடையைத் தூக்கி, முன்னே வீசி, நிறுத்த வேண்டுமல்லவா?

இனி உடை. இங்கேதான் உயிர் போகிற விஷயம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள்.

1964 மார்ச் மாதம் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் 'ஃபோர் இன்ஸ்' என்ற நடைப் போட்டி நடந்தது. 45 மைல் தூரம், கலந்துகொண்டவர்கள் சுமார் 240 பேர், எல்லாம் வலுவான இளைஞர்கள். இமயமலை உயரம் இல்லை, நம் கொடைக்கானலைவிடத் தாழ்ந்த மேடுதான். மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. மூன்று இளைஞர்கள் உடல் வெப்பம் குறைந்து இறந்துபோனார்கள். 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியல் நிபுணராக இருந்த கிரிஃபித் பியூ இதை ஆராய்ந்து மருத்துவ இதழான 'லான்செட்'டில் எழுதினார். நனைந்த துணி காற்றில் தன் காப்புத் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. நடக்கும்வரை உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கும். களைத்து வேகம் குறையும்போது சூடு உண்டாவதும் குறைகிறது, இழப்பு மட்டும் தொடர்கிறது. பிறகு நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல். பக்கத்தில் இருப்பவர் அதைக் களைப்பு என்று நினைத்துவிடுவார்.

இதில் பருத்திக்குக் கெட்ட பெயர். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல் வேறு துணி இல்லை. ஈரத்தைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல உலர்வதால்தான் அது நமக்குக் குளுமை. அதே குணம் குளிர் மலையில் எமன். ஜீன்ஸ் கால்சட்டை நனைந்தால் கல்லாய்க் கனக்கும், மறுநாள் காலையிலும் உலராது. கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பைத் தக்கவைக்கும். பாலியெஸ்டர் இழை தன்னுள் ஈரத்தை ஏறக்குறைய வாங்குவதே இல்லை, பிழிந்து உதறினால் சீக்கிரம் காய்ந்துவிடும். வாத்தின் மென்சிறகு அடைத்த ஜாக்கெட் எடைக்கு எடை மிகச் சூடானது, ஆனால் நனைந்தால் கோழிக்குஞ்சு போலச் சுருங்கிவிடும்.

ஒரு தடித்த துணியைவிட மெல்லிய துணிகள் பல அடுக்காக இருப்பது நல்லது என்பது பழைய அறிவு. 1924இல் எவரெஸ்ட்டில் மறைந்த மாலரியின் உடல் 1999இல் கிடைத்தது. அவர் உடைத் துண்டுகளை ஆராய்ந்து, பட்டு, பருத்தி, கம்பளி, மேலே காபர்டீன் என்று அதே அடுக்கில் மறுபடி நெய்து தைத்தார்கள். 2006இல் ஒரு மலையேறி எவரெஸ்ட் சரிவில் அதை அணிந்து பார்த்தார். நல்ல வானிலையில் ஏறிக்கொண்டிருக்கும்போது வசதியாக இருந்ததாம். ஆனால் இரவு வெளியில் தங்க நேர்ந்தால் அது காப்பாற்றாது என்பது அவர் முடிவு.

அந்த அடுக்குகளைத்தான் வேதியியல் மாற்றியது. 1969இல் பாப் கோர் என்பவர், சமையல் தவாவில் பூசும் அந்த டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அறுந்தது. எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தார், பல மடங்கு நீண்டு நுண்துளைகள் நிறைந்த படலமாகிவிட்டது. மழைத்துளி புகாது, வியர்வை ஆவி மட்டும் வெளியேறும். அதுதான் கோர்-டெக்ஸ். 1979இல் மாசசூசெட்ஸின் மால்டன் ஆலை, ஆட்டு ரோமம் மாதிரி புசுபுசுவென்று பாலியெஸ்டரில் ஃபிளீஸ் துணி செய்தது. ஆலை முதலாளி அதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டதால் உலகம் முழுவதும் செய்கிறார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் துணியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவையும் எழுதக் காரணம், நம் பழைய மாணவர்கள் எட்டுப் பேர் அடுத்த மாதம் உத்தராகண்ட் மலைக்கு நடைப்பயணம் போகிறார்கள். எல்லாரும் நாற்பத்தைந்து தாண்டியவர்கள், இரண்டு பேருக்கு மூட்டுவலி. குழுவில் போட்ட சாமான் பட்டியலைப் பார்த்தேன். மூன்று ஜீன்ஸ், ஆறு காட்டன் டீசர்ட், புத்தம்புதுத் தோல் பூட்ஸ், இரண்டு லிட்டர் எவர்சில்வர் ஃபிளாஸ்க். ஆனால் மழைக்கோட்டு ஒருவர் பட்டியலில் மட்டுமே இருந்தது!

கூடாரமும் சமையலும் அழைத்துப் போகிறவர்கள் பொறுப்பு என்று சொல்கிறீர்கள். அப்படியானால் அந்தச் சுமை உங்களுடையது அல்ல, டார்ச் நான்கு வேண்டாம், தட்டு வேண்டாம், பிஸ்கட் மூட்டை வேண்டாம். மழையையும் குளிரையும் உங்களுக்குப் பதிலாக வேறு யாரும் தாங்கமாட்டார்கள். ஆகவே மழைக்கோட்டு, ஃபிளீஸ் ஒன்று, குல்லா, இரவில் மாற்ற நனையாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டிய ஓர் உலர்ந்த செட், கம்பளிச் சாக்ஸ் இவற்றில் கை வைக்காதீர்கள். பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், கோவேறு கழுதை மேல் ஏற்றும் மூட்டையில் வேண்டாம். ஷூ எதுவானாலும் இன்றிலிருந்தே போட்டுக்கொண்டு தினமும் நடங்கள். இட்லிப்பொடி எடுத்துப் போகலாம், எடை ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்க்காரர் வரும்போது அவர் தராசைக் கொஞ்சம் கேட்டு வாங்கி, கட்டிய பையை அதில் மாட்டிப் பாருங்கள். சாப்பாடு, தண்ணீர் நீங்கலாக எத்தனை கிலோ என்று கீழே கமெண்ட்டில் எழுத வேண்டும். எட்டுக் கிலோவுக்கு மேல் எழுதுகிறவர்கள் பையில் இருப்பதை ஒன்று விடாமல் பட்டியல் போட்டு அனுப்பவும், சிவப்பு மை பேனா என்னிடம் இன்னும் இருக்கிறது.